செடி அவர் பொறுப்பில் இருக்கட்டும்!

கேள்வி: "என் மாமனாருக்கு 70 வயது. திண்டிவனம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மணிலா, உளுந்து, கொஞ்சம் நெல் என்று 50 வருஷம் பாடுபட்டவர். அத்தை இறந்த பிறகு அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோடம்பாக்கத்தில் எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். 8 மாதம் ஆகிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு, தனி அறை, டி.வி. எல்லாம் இருக்கிறது. ஆனால், ராத்திரி தூக்கம் இல்லை. பேச்சு குறைந்துவிட்டது. சர்க்கரையும் ஏறிவிட்டது. 'மரம், செடி இருக்கிற இடத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடும், பார்க்குக்குக் கூட்டிப் போ' என்கிறார் என் வீட்டுக்காரர். மாமாவோ, 'அங்க போய் நான் என்ன செய்யறது?' என்று கேட்கிறார். பச்சையைப் பார்த்தால் உடம்பு தேறும் என்பது உண்மையா? மொட்டைமாடியில் ஏதாவது செய்யலாமா?"

- ஒரு வாசகி, கோடம்பாக்கம், சென்னை.

பதில்: பச்சையைப் பார்த்தால் உடம்பு தேறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால், பெரியவர் கேட்ட கேள்வி அதைவிட முக்கியமானது. 50 வருஷம் மண்ணில் உழைத்தவருக்கு மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது மட்டும் போதாது. அவரை நம்பி ஓர் உயிர் இருக்க வேண்டும். அது 10 பைச் செடியாக இருந்தாலும் சரி.

முதலில், பெரியவர் எதையெல்லாம் இழந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவியை இழந்த துக்கம் ஒரு பக்கம். விடிகாலையில் எழுந்து வயலுக்குப் போகும் நடை போய்விட்டது. உடம்பில் படும் வெயில் போய்விட்டது. வரப்பில் எதிர்ப்படும் நாலு பேரின் பேச்சு போய்விட்டது. 'மழை வருமா, பூச்சி விழுந்திருக்கா, ஆள் கிடைக்குமா' என்ற கவலைகளும் போய்விட்டன. கவலை போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், அந்தக் கவலைதான் அவரைக் காலையில் எழுப்பிவிட்டது. நடை நின்றதும் சர்க்கரை ஏறுகிறது. வெளிச்சம் குறைந்ததும் தூக்கம் கெடுகிறது. இதில் அதிசயம் எதுவும் இல்லை.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். 23 பேருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் வந்த இந்த ஆய்வுதான் பிறகு வந்த பலவற்றுக்கும் வழிகாட்டி. ஜப்பானில் 1982-லேயே வனத்துறை, காட்டுக்குள் நிதானமாக நடப்பதை 'வனக் குளியல்' என்ற பெயரில் மக்களுக்குப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது.

எவ்வளவு நேரம் தேவை? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் இருந்தவர்கள், 'உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது' என்று அதிகமாகச் சொன்னார்கள். ஒரே நாளில் 2 மணி நேரம் போனாலும், தினமும் 20 நிமிடம் போனாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் இந்த மாதிரி ஆய்வில் எப்போதும் உண்டு. ஆகவே, 120 நிமிடத்தை மருந்துச் சீட்டு போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

சும்மா உட்காருவதற்கும் வேலை செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதா? நெதர்லாந்தில் 30 தோட்டக்காரர்களுக்கு முதலில் மூளையைக் கசக்கும் ஒரு வேலையைக் கொடுத்துக் களைப்படைய வைத்தார்கள். பிறகு பாதிப் பேரைத் தோட்டத்தில் வேலை செய்யவிட்டார்கள். பாதிப் பேரை அறைக்குள் உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில், பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் இரு தரப்பினருக்கும் குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மனநிலையும் பழையபடி திரும்பியது.

பெரியவருக்கு மிகவும் பொருந்துவது 1976-ல் வெளியான இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில், எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற 2 உளவியல் ஆய்வாளர்கள் நடத்தியது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்குச் செடி கொடுத்து, 'இதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு' என்றார்கள். சினிமா எந்த நாள் பார்ப்பது போன்ற சின்னச் சின்ன முடிவுகளையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் அதே மாதிரி செடிதான். ஆனால், 'தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லிவிட்டார்கள். 3 வாரம் கழித்துப் பார்த்தால், பொறுப்பை ஏற்றவர்கள் சுறுசுறுப்பாகவும் கலகலப்பாகவும் இருந்தார்கள். மற்ற மாடியில் பெரும்பாலானவர்கள் முன்பைவிடச் சோர்ந்திருந்தார்கள். இது சிறிய ஆய்வுதான். ஆனாலும், பாடம் தெளிவு: செடி இருந்தால் மட்டும் போதாது, அது யார் கையில் இருக்கிறது என்பதும் கணக்கு.

பாசம் மிகுந்த வீடுகளில் நடக்கும் தவறும் இதுதான். 'நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்லிச் சொல்லியே பெரியவர்களின் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறோம்.

மொட்டைமாடியில் என்ன செய்யலாம்?

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், முதலில் சங்கத்தின் அனுமதி வாங்க வேண்டும். தளத்தில் ஓதம், கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே பைகளை வைக்க வேண்டும். ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள வளர்ப்புப் பை ஒன்று, ஈரத்தோடு 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால், தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவருக்கு மேலே வரும்படி ஓரங்களில் வைக்கலாம். அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் தண்ணீர் வடியும், தளமும் காயும்.

தொடக்கத்துக்கு 10 பை போதும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். கலவையைத் தயாரிக்கும்போதே பெரியவரைக் கூப்பிட வேண்டும். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இதுல களி ஜாஸ்தி' என்று அவர் குறை சொல்ல ஆரம்பித்தால், நல்ல அறிகுறி.

முதல் விதை கீரையாக இருக்கட்டும். சிறுகீரையோ தண்டுக்கீரையோ விதைத்தால் 4, 5 நாளில் முளை தெரியும். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். சோர்ந்திருப்பவருக்குச் சீக்கிரம் பலன் தெரிவது முக்கியம். அடுத்து வெண்டை, கொத்தவரை, கத்தரி. 2 அகலமான பைகளை மணிலாவுக்கு ஒதுக்கலாம். டி.எம்.வி. என்று பெயர் வைத்த மணிலா ரகங்கள் எல்லாம் அவருடைய ஊரான திண்டிவனத்தில் இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவைதான். 40, 45-ம் நாளில் பைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 100 நாள் கழித்துச் செடியைப் பிடுங்கி, பேரப்பிள்ளைகள் முன்னால் உதறிக் காட்டட்டும். விளைச்சல் அரைக் கிலோகூட வராது. அதற்காக இதைச் செய்யவில்லை.

எதை விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, எதைப் பறிப்பது என்ற முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். 'இன்னைக்கு என்ன கீரை இருக்கு மாமா?' என்று மருமகள் கேட்டுவிட்டுச் சமைத்தால், அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

கவனிக்க வேண்டியவை சில:

- பைகளை மேடை மீது இடுப்பு உயரத்தில் வைத்தால், குனிந்து நிமிரும்போது வரும் தலைசுற்றல், மூட்டுவலி குறையும். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவாக இருந்தால், அதை ஒட்டி வைக்கக் கூடாது.
- கோடையில் ஒரு பைக்கு 1 முதல் 2 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். வாளியில் சுமக்கவிடாமல் ஓஸ் பைப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆர்.ஓ. மெஷின் கழிவுநீரில் உப்பு அதிகம். அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் செடி கருகும்.
- பைக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கி, டெங்குக் கொசு உற்பத்தியாகும். வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.
- சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு மண்ணில் நிற்கக் கூடாது. பாத மரப்பு இருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எந்த வெயில், எந்தப் பூங்கா?

காலை 6 மணியிலிருந்து 7.30 மணிக்குள் வெளியே இருப்பது தூக்கத்துக்கு நல்லது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடி, ராத்திரி நேரத்தோடு தூக்கம் வரும். அதிகாலை வெயிலில் வைட்டமின் டி நிறையக் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்குத் தேவையான கதிர், வெயில் ஏறிய பிறகுதான் போதுமான அளவு வரும். அக்னி நட்சத்திரம் இல்லாத நாள்களில், 11 மணியை ஒட்டி 10, 15 நிமிடம் கை, கால், முதுகில் வெயில் படலாம். வயதான தோலில் வைட்டமின் டி உற்பத்தி குறைவு என்பதால், ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

பூங்காவையும் விட்டுவிட வேண்டாம். அங்கே போவதற்கு ஒரு காரணம் மட்டும் கொடுக்க வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து தியாகராய நகர் நடேசன் பூங்காவும், கே.கே.நகர் சிவன் பூங்காவும் தூரமில்லை. வேலை செய்கிற இடம்தான் வேண்டும் என்றால், கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தின் பக்கத்தில் மரப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த அந்த ஆற்றோர நிலத்தை, 2006-லிருந்து 'நிழல்' அமைப்பினரும் தன்னார்வலர்களும் சேர்ந்து நம் மண்ணுக்கேற்ற மரங்கள் நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகியவர்களுக்கு இப்படிப்பட்ட இடங்களில் மரியாதை கிடைக்கும்.

போகிற வழியில் பேரப்பிள்ளைகளிடம் பெரியவர் சொல்ல ஒரு கதையும் உண்டு. 100 வருஷத்துக்கு முன்பு மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டி மிக நீளமான ஏரி இருந்தது. அதன் தண்ணீரில் வயலும் தோட்டமும் விளைந்தன. 1920-களில் ஏரியைத் தூர்க்கத் தொடங்கித்தான் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு', நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' என்று பெயரில் மட்டும் ஏரியும் கரையும் மிச்சம் இருக்கின்றன. ஏரிப் பாசனம், மதகு, கலங்கல் என்றால் என்ன என்று அந்தத் தெருவில் நின்று விளக்கிச் சொல்லத் தெரிந்தவர், வீட்டில் அவர் ஒருவர்தான்.

பேரப்பிள்ளைகளை உடன் அனுப்புவதில் அவர்களுக்கும் லாபம். சீனாவின் குவாங்சௌ நகரில் 6, 7 வயதுக் குழந்தைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 3 வருஷத்தில் அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவிகிதம். வழக்கம்போல வகுப்பிலேயே இருந்தவர்களில் சுமார் 40 சதவிகிதம். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் நடப்பது, பிள்ளைகளின் கண்ணுக்கும் நல்லது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

இப்போதே ஒருமுறை போவது நல்லது. தூக்கமின்மை, பேச்சுக் குறைவு இரண்டும் மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். தைராய்டு, காது மந்தம், மறதி நோய் போன்றவையாகவும் இருக்கலாம். துணையை இழந்த முதியவர்களிடம் இதை 'வயசாச்சு, அப்படித்தான்' என்று தள்ளிவிடக் கூடாது. சாப்பாட்டை ஒதுக்குவது, வேகமாக எடை குறைவது, 'நான் இருந்து யாருக்கு என்ன' என்று பேசுவது இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்கவே கூடாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-லிருந்து இயங்குகிறது. போனில் பேச, 'டெலி மானஸ்' 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களை எந்த நேரமும் அழைக்கலாம். செடி வளர்ப்பது சிகிச்சைக்குத் துணை. சிகிச்சைக்குப் பதில் அல்ல. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பக் கூடாது.

கேள்வி: "தினமும் விடிஞ்சதிலிருந்து பொழுது சாயறவரை வயல்லதான் கிடக்கிறோம். இயற்கையில் இருந்தால் ஆரோக்கியம் என்றால், எங்களுக்கு ஏன் இடுப்பு வலி, நீர்க்கடுப்பு, தலைவலி எல்லாம் வருது?"

- ஒரு வாசகி, செய்யூர், செங்கல்பட்டு மாவட்டம்.

பதில்: நியாயமான கேள்வி. மேலே சொன்ன ஆய்வுகளில் இருந்தவர்கள் வெயிலில் நாற்று நட்டவர்கள் அல்லர். விருப்பப்பட்ட நேரத்தில், நிழலில், அவசரமில்லாமல் இருந்தவர்கள். உச்சி வெயிலில் குனிந்து களை எடுப்பதும், கடன் கவலையோடு வரப்பில் நடப்பதும் உழைப்பு. அதை ஓய்வுக் கணக்கில் சேர்க்க முடியாது.

வெப்பம் விளையாட்டல்ல. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளவயதுத் தொழிலாளர்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. கடும் வெயிலில் ஓய்வில்லாமல் உழைத்ததும், உடம்பில் நீர் வற்றியதும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் கட்டாயமாக்கிய தோட்டங்களில் பாதிப்பு குறைந்தது. இந்த மூன்றும் நம் ஊரிலும் முடியாத காரியமல்ல.

கோடையில் காலை 6 முதல் 10.30 வரையும், மாலை 4 மணிக்கு மேலும் வேலையை வைத்துக்கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீரையே தவிர்ப்பதுதான் நீர்க்கடுப்புக்கு முக்கியக் காரணம்; வயலோரம் ஒரு தட்டி மறைப்பு கட்டினாலே பாதிப் பிரச்னை தீரும். பூச்சிமருந்து அடித்த வயலில், லேபிளில் சொல்லியிருக்கும் காலம்வரை இறங்கக் கூடாது. இத்தனைக்கும் பிறகு கடுப்போ வலியோ தொடர்ந்தால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

நிழலுக்கு, வரப்பில் ஒரு வேம்போ புங்கனோ இருக்க வேண்டும். 'பயிருக்கு நிழல் அடிக்குது' என்று வெட்டிய மரங்கள் ஏராளம். கிணற்று மேட்டில், பயிருக்குப் பாதகம் இல்லாத பக்கமாக 2 மரம் நின்றால் போதும். வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில் மரக்கன்றுகள் பெற, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மரத்தடியில், செல்போனை ஒதுக்கிவிட்டு, அரை மணி நேரம் படுத்து எழுவதுதான் கிராமத்தின் வனக் குளியல்.

பெற்றோரை நகரத்துக்கு அழைத்துப்போக நினைக்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் யோசிக்கலாம். நிலம் முழுவதையும் குத்தகைக்கு விட்டுவிடாமல், 10 சென்ட்டை அப்பா பெயரைச் சொல்லி நிறுத்தி வைக்கலாம். பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் கட்டிவிட்டால், விதைப்புக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி அவரே போய்வந்துவிடுவார். அந்த 10 சென்ட் குத்தகையில் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான் குறையும். அடுத்த பயணம் எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்க்க அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.